நாலு மணிக் கருப்பட்டி

போன மாதம் எங்கள் கம்பெனி மேஸ்திரி ஆவுடைநாயகத்துக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். சால்வை போர்த்தினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல் ஒன்றை வாசித்துக் கொடுத்தார்கள். அதை அவருக்குப் பதிலாக அவர் மருமகள் பிரம்மநாயகி மேடையேறி வாங்கிக்கொண்டாள். 'தொழிலாளர் நலம் காத்த தூயவர்' என்று அதில் தங்க எழுத்தில் போட்டிருந்தது.

அந்த மடலை எழுதித் தரச் சொல்லி முதலில் என்னிடம்தான் வந்தார்கள். சேரன்மகாதேவிக்குத் தெற்கே எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கம்பெனியிலும் பி.எஸ்ஸி. என்று போட்டுக்கொள்ள என்னைவிட்டால் ஆள் இல்லை. எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அச்சகத்துக்காரரே எழுதிக் கொடுத்தார். அவர் ஆவுடைநாயகத்தைப் பார்த்ததே இல்லை. அதனால் அவருக்குச் சிரமம் ஒன்றும் இருந்திருக்காது.

நான் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

பேட்டையில் அப்பா வாங்கிப் போட்ட ஒரு பழைய அரிசி ஆலையில் கலர்ப்பொடி கம்பெனி நடத்தினார் முதலாளி வைத்தியலிங்கம். வெந்நீரில் கலக்கிச் சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பர் பொடிதான் சரக்கு. பொங்கலுக்கு முந்திய நான்கு மாதம் வேலை நெரியும். வடக்கேயிருந்து நிறப்பொடி சாக்கில் வரும். அதைச் சலித்து, வெள்ளை மாவோடு கலந்து, காகிதப் பெட்டியில் அடைக்க வேண்டும். காவி, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அறைகள். காற்று புகுந்தால் பொடி பறந்து வீணாகும் என்று ஜன்னல்களில் எல்லாம் சாக்கு அடித்திருந்தார்கள். பொடி வெளியே போய்விடக் கூடாது. மனுஷர் உள்ளே கிடக்கலாம். சாயங்காலம் பேருந்தில் ஏறினால் யார் எந்த அறை என்று நடத்துனருக்குத் தெரியும். "மஞ்ச ரெண்டு, காவி ஒண்ணு, உள்ள போங்கம்மா" என்பான்.

முதலாளி வைத்தியலிங்கம் அறைகளுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று, மணக்கிற கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எல்லாம் ஒழுங்கா நடக்குதா?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் காரில் ஏறியிருப்பார். அவர் வீட்டுச் சுவருக்கு எங்கள் பொடியை அடித்ததும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆவுடைநாயகத்துக்கு ஐம்பத்து நாலு வயது. சாக்குத் தூக்க வந்தவர், முதலாளியின் அப்பா காலத்திலேயே மேஸ்திரி ஆகிவிட்டார். கட்டுகிற வேட்டி எந்தக் காலத்திலோ வெள்ளையாக இருந்தது. அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி தொங்கும். மஞ்சள் அறைக்கு வெளியே நடையில் நின்ற இரும்புப் பீரோவின் சாவி அது. மேல்தட்டில் பன்னிரண்டு முகமூடிகள், பிளாஸ்டிக் உறையோடு. கீழ்த்தட்டில் கருப்பட்டி டின். மேல்தட்டு வருஷத்துக்கு ஒரு நாள், தொழிற்சாலை ஆய்வாளர் வரும்போது திறக்கும். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போனதும் ஆவுடைநாயகம் முகமூடிகளை வாங்கி, தட்டி, அதே உறைக்குள் போட்டு வைத்துவிடுவார். கீழ்த்தட்டு தினம் நாலு மணிக்குத் திறக்கும்.

அந்த நாலு மணியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தானதருமம் செய்கிற ராஜா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடையில் உட்கார்வார். கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியலால் கருப்பட்டியை உடைப்பார். உடைத்த கையை வேட்டியில் துடைப்பார். வேட்டியில் இருந்தது கைக்கு வரும். பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு சில்லு வாங்கி, நின்ற இடத்திலேயே வாயில் போட்டுக்கொள்வார்கள். கை கழுவ வேண்டும் என்ற பேச்சே கிடையாது. கழுவத் தண்ணீர் பின்கட்டுக் கிணற்றில் இருந்தது. போய்வரப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை ஆவுடைநாயகம் யாருக்கும் கொடுத்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவரிடம் கேட்டேன். தொண்ணூற்று நாலு, ஆனி மாதம். கெமிஸ்ட் என்று என்னை எடுத்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, இந்தத் தூசிக்கு முகமூடி கிடையாதா?"

"ஏன் இல்ல. பீரோ நெறைய இருக்கு."

"குடுக்கலாம்லா?"

"மூக்க மூடிட்டு வேல செய்யுதவன் பாதி வேலதாம்லே செய்வான். தூசி நெஞ்சுக்குப் போவுததுக்கு அது என்ன பீடிப் பொகையா? வயித்துக்குத்தான் போவும். வயித்துக்குப் போனத இந்தா இது இழுத்துட்டுப் போயி மறுநாள் காலைல வெளிய தள்ளிரும்." கருப்பட்டியைக் காட்டினார். "இருவத்தாறு வருசமா நான் தள்ளிட்டிருக்கேன். நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?"

சொன்னேன்.

"அங்கன இதச் சொல்லித் தரலியோ?"

அன்றிலிருந்து என் பெயர் 'பியெஸ்ஸி'. "ஏ பியெஸ்ஸி, அந்தச் சாக்க எட்டிப் பிடி." "பியெஸ்ஸியக் கேளுங்கட்டி, வெயில் ஏன் அடிக்குன்னு சொல்லுவாரு."

மஞ்சள் அறைக்குள் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த மஞ்சளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருஷச் செய்முறை வகுப்பில், என்ன உப்பு என்று தெரியாமல் கொடுத்த கரைசலில் பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விடுவோம். முட்டைக் கரு நிறத்தில் பளிச்சென்று ஒன்று அடியில் படியும். 'காரீயம் உறுதி' என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறந்த பையனை ஆசிரியர் அரை நாள் வெளியே நிறுத்தினார். அவ்வளவும் சோதனைக் குழாயின் அடியில் கடுகளவு படிந்ததற்காக. இங்கே அது சாக்குச் சாக்காக இருந்தது. ஐந்து பெண்கள் அதன் நடுவே உட்கார்ந்து சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். காலியான சாக்கை உதறி, ஒட்டியிருக்கிற கடைசிப் பொடியையும் எடுக்க வேண்டும் என்பது மேஸ்திரி போட்ட சட்டம். உதறும்போது எதிரே இருக்கிற ஆள் தெரியாது. அவர்களுடைய சாப்பாட்டுத் தூக்குகள் சுவரோரம் அதே அறையில் வரிசையாக இருந்தன.

ஐந்தாவதாகச் சன்னலோரம் இருந்தவள்தான் பிரம்மநாயகி. மேஸ்திரியின் மகன் பாபநாசத்தின் மனைவி. பாபநாசம் லாரி ஓட்டுகிறவன். பத்து நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான். மாமியார் இல்லை. வீட்டில் இவளும் மாமனாரும்தான். கல்யாணமான மாதமே அவளைக் கொண்டுவந்து மஞ்சளில் இருத்தியவர் ஆவுடைநாயகம்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வருஷம் மஞ்சளில் இருந்த ஒருத்தி ஓயாத வயிற்றுவலியால் வேலையை விட்டு நின்றுவிட்டாள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். மேஸ்திரி அதை ஒரே நாளில் அடக்கினார். "எங்க வீட்டுப் பிள்ளையவே மஞ்சள்ல இருத்தியிருக்கேன். பொறவு ஒங்களுக்கு என்னட்டி?" என்றார். அதன் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. ஊரில் வேறு யாருக்காவது இப்படி ஒரு யோசனை வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மீதியை ஆவணிக் கடைசியில் எனக்குச் சொன்னது பார்வதியம்மாள். மஞ்சள் அறையில் மூத்தவள். வாயில் பூட்டு இல்லாதவள்.

"அவளுக்கு ரெண்டு தங்கல தம்பி. ஒண்ணு நாலாம் மாசம், ஒண்ணு அஞ்சாம் மாசம். இப்ப மறுபடியும் உண்டாயிருக்கா. மூணு மாசம் ஆவுது."

"மேஸ்திரி என்ன சொல்லுதாரு?"

"மொத தடவ பப்பாளி தின்னுட்டான்னாரு. ரெண்டாந் தடவ பஸ்ஸு குலுக்கிட்டுன்னாரு. கோயிலுக்கு நேந்திருக்காரு, ஜாதகம் பாத்திருக்காரு. இப்ப அவளுக்கு மட்டும் ரெண்டு சில்லு குடுக்காரு, நீ பாக்கலியா?"

பார்த்திருந்தேன். மற்றவர்களுக்கு ஒன்று, மருமகளுக்கு இரண்டு. பாசம் என்று நினைத்திருந்தேன்.

நாலாம் மாதம் என்று பார்வதியம்மாள் சொன்னது மண்டைக்குள் நின்றுவிட்டது. இன்னும் மூன்று வாரம், நான்கு வாரம். காரீயம் இரத்தத்தில் ஏறிய பெண்ணுக்குக் கரு தங்காது என்று நான் படித்திருந்தேன். பரீட்சைக்குப் படித்ததுதான். பதிலாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இப்போது அந்தப் பதில் என் எதிரே உட்கார்ந்து சல்லடை ஆட்டிக்கொண்டிருந்தது.

மேஸ்திரியிடம் போனேன். "அண்ணாச்சி, அந்த மஞ்சள்ல காரீயம் இருக்கு. பிள்ளத்தாச்சிய அங்க வைக்கக் கூடாது. பிரம்மநாயகி அக்காவ லேபிள் ஒட்டுத இடத்துக்கு மாத்துங்க. மத்தவங்களுக்கு முகமூடி குடுங்க. சாக்க உதற வேண்டாம். தரையப் பெருக்காம ஈரத்துணி போட்டுத் தொடைக்கச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

"இவள மாத்துனா நாளைக்கு அஞ்சு பேரும் மாத்துன்னு நிப்பாளுவ. மஞ்சளுக்கு நீ இருப்பியா? கோட்டிக்காரப் பயலா இருக்கியே. எம் மருமவ வயித்துல இருக்கது எனக்குப் பேரப் பிள்ளலே. ஒனக்கு என்ன?"

அவருக்கு அது தன் பேரப்பிள்ளை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

முதலாளியிடம் போனேன். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார். "ஆவுடை அப்பா காலத்து ஆளு. அவரு வேண்டாம்னா வேண்டாம்தான். ஒண்ணு செய்யி. கருப்பட்டியும் குடுத்து முகமூடியும் குடுக்கணும்னா ஒத்து வராது. எது வேணும்னு அவங்களையே கேட்டுக்கோ." படித்தவனை வேலைக்கு வைத்துக்கொண்டு படிப்பை மட்டும் வேண்டாம் என்பவர்கள் ஒரு ஜாதி. முதலாளி அதில் உயர்ந்த ரகம்.

கேட்டது நான் இல்லை, மேஸ்திரி. மறுநாள் நாலு மணிக்கு, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏ, எல்லாரும் கேளுங்க. இந்தா நிக்காரே பியெஸ்ஸி, இவரு ஒங்களுக்கு வாய்க்கூடு வாங்கித் தாராராம். களத்துல சூடடிக்க மாட்டுக்கு மாட்டுவம்லா, அது. அது வேணும்னா கருப்பட்டி கெடையாது. எது வேணும்?"

பெண்கள் சிரித்தார்கள். பார்வதியம்மாள், "வாய்க்கூடு மாட்டிட்டா ஒம்ம எப்படி அண்ணாச்சி வையுதது?" என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. கருப்பட்டிக்குக் கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். காவியும் நீலமும் பச்சையும் மஞ்சளுமாக இருபது கை. என்னை நன்றாகப் பார்த்துவிட்டு உடைக்க ஆரம்பித்தார்.

அன்று எனக்கு அந்தப் பெண்கள் மேலும் வெறுப்பு வந்தது. வாயில் போகிற விஷத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார்களே என்று. எங்கள் அம்மா அங்கே வேலை பார்த்திருந்தால் அவளும் கருப்பட்டிக்குத்தான் கை தூக்கியிருப்பாள் என்பது அப்புறம்தான் தோன்றியது.

பிரம்மநாயகி கை தூக்கவில்லை. கொடுத்த இரண்டு சில்லையும் வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். கிணற்றடிப் பக்கம் அவளைப் பார்த்தபோது, "தின்னுறதுக்கு முன்ன சோப்பு போட்டுக் கைய கழுவுங்கக்கா" என்றேன்.

"சோப்பு எங்கன இருக்கு தம்பி? பீரோவுலயா?" என்றாள்.

"கருப்பட்டிய ஏன் திங்கல?"

"கொமட்டுது. இனிப்ப கண்டாலே ஆவல. வீட்டுக்குக் கொண்டு போயி மாமாவுக்குக் காப்பி போட்டுக் குடுக்கேன்."

எங்கள் பக்கம் கருப்பட்டியை அப்படியே யாரும் காப்பியில் போடுவதில்லை. மண்ணும் தூசும் கிடக்கும். வெந்நீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் போட வேண்டும். துணியில் கருப்பாகக் கொஞ்சம் மண் தங்கும். அதை அலசிக் கொடியில் போடுவார்கள். எல்லா வீட்டிலும் தினம் நடக்கிற காரியம். என் பட்டத்தால் ஆகாத வேலையை அந்தத் துணி செய்தது.

புரட்டாசி இரண்டாம் வாரம். மறுநாள் காலையில் காப்பிக்கு வடிகட்டிய துணியை அலசப் போன பிரம்மநாயகி அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். நடுவில் மண் இல்லை. மஞ்சள் இருந்தது. முதலில் கருப்பட்டியில்தான் கோளாறு என்று நினைத்தாளாம். தெருமுனைக் கடையில் ஒரு வட்டுக் கருப்பட்டி வாங்கி வந்து, வேறு துணியில் வடிகட்டினாள். மண் மட்டும்தான் தங்கியது. மறுபடி, முந்தானையில் மிச்சம் இருந்த கம்பெனிச் சில்லைக் கரைத்தாள். மறுபடி மஞ்சள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செய்முறை வகுப்பில் நாங்கள் செய்வதும் இதுதான்: சந்தேகப்பட்டதையும் சந்தேகமில்லாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எனக்கு அதற்கு மூன்று வருஷம் ஆயிற்று.

அன்று நாலு மணிக்கு அவள் வரிசையில் நிற்கவில்லை. இரண்டு துணியையும் கொண்டுவந்து, மேஸ்திரி கருப்பட்டி உடைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"மாமா, இது கடக் கருப்பட்டி. இது ஒங்க கருப்பட்டி."

பார்வதியம்மாள் குனிந்து பார்த்தாள். தன் கையையும் பார்த்தாள். ஏற்கெனவே வாயில் போட்டிருந்த சில்லை மெதுவாக எடுத்து எறிந்தாள்.

ஆவுடைநாயகம் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இந்த இடத்தில் ஒரு மனுஷனுக்குத் தலை குனியும். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியளாட்டி. நான் என்ன சொன்னேன்? கருப்பட்டி தூசிய இழுக்கும்னு சொன்னேனா இல்லியா? இன்னா, இழுத்து வச்சிருக்கு. கண்ணால பாத்துக்கோங்க."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ முட்டாள்தனத்தைக் கேட்டிருக்கிறேன். அதற்கு இணையாக ஒன்றை இன்றுவரை கேட்டதில்லை.

பிரம்மநாயகி விடவில்லை. "இழுத்து எங்க கொண்டு போடுது மாமா?" என்றாள். "வாயில போட்டா வயித்துக்குள்ளதான கொண்டு போடும். எனக்கு மட்டும் ரெண்டு சில்லு குடுத்தியளே. ரெண்டு தடவையும் இதத்தான தின்னேன்."

அவர் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

"நாலாம் மாசம் பொறக்கப் போவுது. நான் இனிமே மஞ்சள்ல இருக்க மாட்டேன்."

"பொறவு யாருட்டி இருப்பா?"

"எனக்குத் தெரியாது. நான் இல்ல."

அவள் போய்த் தன் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பார்வதியம்மாளும் எழுந்தாள். பிறகு மற்ற மூன்று பேரும். மேஸ்திரி சொன்னபடியே நடந்தது. ஒருத்தியை மாற்றினால் ஐந்து பேரும் நிற்பார்கள் என்றாரே, நின்றார்கள். அந்த விஷயத்தில் மட்டும் அவருக்குத் தீர்க்கதரிசனம்.

மூன்று நாள் மஞ்சள் அறையில் சல்லடை ஆடவில்லை. மஞ்சள் இல்லாவிட்டால் பச்சையும் கிடையாது. மஞ்சளையும் நீலத்தையும் கலந்துதான் பச்சை. பொங்கல் சரக்கு நின்றது. ஒருத்திக்கு இரண்டு தடவை கரு கலைந்ததற்கும் இன்னொருத்தி வயிற்றுவலியில் வேலையை விட்டதற்கும் அசையாத வைத்தியலிங்கம், பச்சை நின்றதற்கு மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே வந்தார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"என்னமோ சொன்னியே, அத செய்யி. சீக்கிரம் செய்யி."

செய்தேன். ஆசாரி ஒருவரை வைத்துச் சல்லடையைச் சுற்றிப் பலகைப் பெட்டி ஒன்று அடித்தோம். முன்னால் கண்ணாடி. கை விட இரண்டு துளை, துளைகளில் துணிக் கை. பின்னால் பழைய மின்விசிறி ஒன்றை வைத்து, பெட்டிக்குள் பறக்கிற தூசியைக் குழாய் வழியாகத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இழுத்துவிட்டோம். சாக்கைப் பெட்டிக்குள் வைத்தே கவிழ்த்து, உதறாமல் சுருட்டச் சொன்னேன். துடைப்பத்தை எடுத்துவிட்டு ஈரச் சாக்கு. பீரோவில் இருந்த முகமூடி வெறும் மெல்லிய துணி, அதில் மாவு சலிக்கலாம். மூக்கை ஒட்டி உட்காரும் வடிகட்டி முகமூடி மதுரையிலிருந்து வந்தது. வாசலில் ஒரு தொட்டி, சோப்பு. சாப்பாட்டுத் தூக்கு வெளியே வேப்பமரத்தடியில். நாலு மணிக் கருப்பட்டியை நிறுத்த வேண்டாம் என்றேன். கை கழுவிவிட்டு, மரத்தடியில், கழுவிய கையால் உடைத்துக் கொடுக்கட்டும். இதில் எதற்கும் பி.எஸ்ஸி. தேவையில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

பிரம்மநாயகி லேபிள் ஒட்டும் கொட்டகைக்குப் போனாள்.

ஆவுடைநாயகம் என்ன செய்தார் என்று கேளுங்கள். காலியான மருமகளின் இடத்துக்குத் தானே போனார். பழைய சல்லடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெட்டி வேண்டாம், முகமூடி வேண்டாம்.

"துளைக்குள்ள கைய விட்டுத் துளாவ நான் என்ன கோழி பிடிக்கவா வந்திருக்கேன்? இருவத்தாறு வருசம் இப்படித்தான் சலிச்சேன். எனக்கு என்ன ஆயிட்டுன்னு பாப்பம்."

மருமகளைக் காப்பாற்ற அவர் போய் உட்கார்ந்தார் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். வாழ்த்துமடலிலும் அந்த மாதிரி ஒரு வரி இருந்தது. நம்ப வேண்டாம். தான் சொன்னது பொய் இல்லை என்று காட்ட உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அவர் கிளப்பிய தூசி மறுபடி அறையெல்லாம் பரவியது. இந்த முறை பெண்கள் விடவில்லை. பார்வதியம்மாள் சல்லடையை அவர் மடியிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோய்ப் பின்கட்டில் சரிவாகக் கூரை இறக்கிய சாய்ப்பில் வைத்தாள். "ஒம்ம தூசிய நீரே தின்னும் அண்ணாச்சி. எங்களுக்கு வேண்டாம்." அவர் சாய்ப்புக்குப் போனார். தனியாக உட்கார்ந்து சலித்தார். முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னேன். "அது அவரு இஷ்டம்" என்றார். மூன்றாம் தடவை நான் சொல்லவில்லை. அவர் தின்கிறதைத் தின்னட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

வீட்டில் வேறு சட்டம் வந்துவிட்டது. அவர் சாயங்காலம் வந்தால் முன்வாசல் திறக்காது. பின்பக்கம் இரண்டு குடம் தண்ணீரும் சோப்பும் வேறு வேட்டியும் இருக்கும். "மஞ்சளோட உள்ள வரப்படாது மாமா. துணிய அங்கனயே வாளியில முக்கிருங்க" என்பாள். அக்கம்பக்கத்தவர்கள் பார்க்க, மேஸ்திரி தன் வீட்டுக் கொல்லையில் தினம் குளித்தார். கம்பெனியில் இருபது பேரை ஆட்டிவைத்தவர் இதற்கு மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏன் என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியவில்லை.

நாலாம் மாதம் போயிற்று. ஐந்தாம் மாதம் போயிற்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் லேபிள் கொட்டகையில் அவள் இருக்கிறாளா என்று முதலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் என் மேசைக்குப் போவேன். பார்வதியம்மாளும் அதையேதான் செய்தாள். ஏழாம் மாதம் அவளுக்கு வளையல் போட்டார்கள்.

அந்த மாதங்களில் மேஸ்திரி வெளுத்துக்கொண்டே வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ப்பில் சுருண்டு கிடப்பார். சிரிக்கும்போது ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. "அண்ணாச்சி, பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. இரத்தம் எடுத்துப் பாக்கட்டும்" என்றேன். "வெத்தலக் கறலே அது" என்றார். தை மாதம் ஒரு நாள் கருப்பட்டி உடைக்கும்போது சுத்தியல் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. வலது மணிக்கட்டு மடங்கியபடியே தொங்கிற்று, நிமிர்த்த முடியவில்லை. "ராத்திரி கைய மடக்கிப் படுத்துட்டேன்" என்றார். அன்றிலிருந்து கருப்பட்டியைப் பார்வதியம்மாள் உடைத்தாள். அப்புறம்தான் பாபநாசம் வந்து லாரியில் ஏற்றி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மருந்து கொடுத்தார்கள், பொடிப் பக்கமே போகக் கூடாது என்றார்கள். வலி குறைந்தது. கை முழுசாகத் திரும்பவில்லை. பிறகு வழியனுப்பு விழா வரைக்கும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் கை கழுவினார்கள் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதையும் தான் கண்டுபிடித்த மாதிரிதான் செய்தார். "ஏட்டி, சோப்பு போட்டியா? நகத்துல பாரு, நகத்துல."

பங்குனியில் பிரம்மநாயகிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதம், நல்ல எடை.

பதினாறாம் நாள் எங்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். போனபோது மேஸ்திரி தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையால் தூக்க முடியாது என்பதால் குழந்தையை அவர் மடியில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அவரை வெள்ளை வேட்டியில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வாவே பியெஸ்ஸி," என்றார். "பாத்தியா. ரெட்டச் சில்லு தின்ன பிள்ள. எப்படி இருக்குன்னு பாரு."

பார்வதியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்தத் தலையைப் பிடித்து, அந்தத் துணியை மறுபடி கண்முன் விரித்துக் காட்ட வேண்டும் போல் இருந்தது. இதற்குப் பிறகும் இந்த ஆள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை.

பக்கத்தில் தட்டு நிறையக் கருப்பட்டி இருந்தது. குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க. அவர் வலது கையை நகர்த்திப் பார்த்தார். அது மடங்கியபடி குழந்தையின் பக்கத்திலேயே கிடந்தது. இடது கையால் ஒரு சில்லை எடுத்து என்னிடம் நீட்டினார்.

இடது கையால் கொடுத்ததை வாங்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் பிரம்மநாயகியைப் பார்த்தேன்.

"கை கழுவினாரா?" என்று கேட்டேன்.

"நான்தான் கழுவி விட்டேன் தம்பி," என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.